கடிதங்களுக்கு நடுவே கவிதை: கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ்

லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் ஒரு சின்ன ஓவியம் இருக்கிறது. உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை. தாமஸ் டி கெய்சர் 1627ல் வரைந்தது. தலையில் தொப்பி, காலில் குதிமுள் பூட்டிய சவாரி பூட்ஸ் சகிதம் ஒருவர் மேசையருகே உட்கார்ந்திருக்கிறார். இப்போதுதான் குதிரையிலிருந்து இறங்கினாரா, இல்லை கிளம்பப் போகிறாரா என்று சொல்ல முடியாது. மேசையில் காகிதங்கள், பேனா, மைக்கூடு. கூடவே நீண்ட கழுத்துள்ள ஒரு லூட் வாத்தியமும் கிடக்கிறது. பக்கத்தில் உலக உருண்டையும் வான உருண்டையும். ஓர் இளம் ஊழியர் வந்து கடிதம் ஒன்றை நீட்டுகிறார்.

உட்கார்ந்திருப்பவர் பெயர் கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ். ஹைகன்ஸ் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளி இயற்பியல் பாடமும் ஒளி அலைக் கொள்கையும் நினைவுக்கு வரும். அது கிறிஸ்டியான் ஹைகன்ஸ், இவருடைய இரண்டாவது மகன். மகன் உலகப் புகழ் பெற்றதால் தகப்பன் பெயர் நெதர்லாந்துக்கு வெளியே மங்கிவிட்டது. ஆனால் அவருடைய காலத்தில் இவர்தான் பெரிய ஆள். டச்சுக் குடியரசின் ராணுவத் தலைவருக்குச் செயலாளர், தூதர், இசையமைப்பாளர், அப்புறம் கவிஞர். அப்புறம் என்று நான் எழுதினாலும் அவரைப் பொறுத்தவரை கவிதை அப்புறம் வந்த விஷயம் இல்லை. அரசியலில் களைத்துப்போய்க் கவிதைக்குத் திரும்பியவர் என்று இவரைச் சொல்வது சரியாகாது. 90 வயது வரை வாழ்ந்த இந்த மனிதர் உத்தியோகத்தின் இடுக்குகளில்தான் எழுதினார். அந்த இடுக்கின் நெருக்கடி அவருடைய ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

முதலில் அந்த உத்தியோகம் என்ன என்று பார்த்துவிடலாம். 1568ல் தொடங்கி 1648 வரை, நடுவில் 12 ஆண்டு போர் நிறுத்தம் போக, டச்சுக்காரர்கள் ஸ்பெயினோடு போரிட்டார்கள். அந்தப் போரிலிருந்து பிறந்ததுதான் ஏழு மாகாணங்கள் சேர்ந்த குடியரசு. அங்கே ராஜா கிடையாது. மாகாண சபைகளில் நகரத்து வணிகக் குடும்பங்களின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டாட்ஹவுடர் என்று ஒரு பதவி. பழைய நாளில் அரசருக்குப் பதிலாளாக இருந்த அந்தப் பதவி, அரசர் போன பிறகும் நிலைத்துவிட்டது. அதை வகித்தவர்கள் ஆரஞ்சு வம்சத்து இளவரசர்கள். படை அவர்கள் கையில், பணம் சபைகளின் கையில். இந்த இரண்டு பேருக்கும் நடுவே ஓயாமல் கடிதம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 1625ல் ஃபிரடெரிக் ஹென்ட்ரிக் ஸ்டாட்ஹவுடர் ஆனதும் அந்தக் கடிதங்களை எழுதும் பொறுப்பு ஹைகன்ஸுக்கு வந்தது.

செயலாளர் என்றால் ஹேக் நகரத்து அலுவலக அறையில் உட்கார்ந்திருக்கும் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. கோடை வந்தால் இளவரசர் படையோடு கிளம்புவார், செயலாளரும் கூடவே போக வேண்டும். 1629ல் ஸெர்ட்டோகன்போஸ் முற்றுகை, 1632ல் மாஸ்ட்ரிக்ட், 1637ல் பிரெடா என்று வருஷத்தில் பல மாதம் கூடாரத்தில்தான் வாழ்க்கை. எதிரியிடமிருந்து பிடிபட்ட கடிதம் சங்கேதத்தில் இருந்தால் அதை உடைப்பதும் இவர் வேலை. மனு கொண்டு வருகிறவர், பதவி கேட்கிறவர், சம்பளப் பாக்கிக்கு நடக்கிறவர் எல்லாரும் இவரைப் பிடித்துத்தான் இளவரசரிடம் போக வேண்டும். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் கொண்ட அவருடைய கடிதத் தொகுப்பு இன்று அச்சில் ஆறு பெரிய தொகுதிகள்.

அந்தக் கூடாரங்களிலேயே கவிதையும் நடந்தது. கையெழுத்துப் பிரதிகளில் கவிதைக்குத் தேதி போடுவது அவர் வழக்கம், பல இடங்களில் ஊரும் இருக்கும். குதிரை மேல் போகும்போதே மனசுக்குள் வரி கட்டியிருக்கிறார். அப்படிப் பிறந்தவற்றில் நிறைய இரண்டு அடி, நான்கு அடிக் கவிதைகள். அவரே அதற்கு வைத்த டச்சுப் பெயரின் பொருள் "விரைவுக் கவிதை". நம் மொழியில் அதற்குச் சொல் தயாராக இருக்கிறது: ஆசுகவி. அவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலும் சிலேடைதான் உயிர். காளமேகத்தை ரசித்தவர்களுக்கு இந்த ருசி உடனே பிடிபடும்.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து ஹாலந்தில் கவிதை எழுதிப் பிழைத்தவர் யாரும் இல்லை. டச்சு இலக்கியத்தின் பெரும் புலவராகக் கருதப்படும் வோண்டல் ஆம்ஸ்டர்டாமில் காலுறைக் கடை நடத்தினார். ஹோஃப்ட் என்ற கவிஞர் மெய்டன் கோட்டையில் நிர்வாக அதிகாரி. ஹைகன்ஸுக்கு மூத்த நண்பரான யாகோப் காட்ஸ் 1636 முதல் 1651 வரை ஹாலந்து மாகாணத்தின் மிக உயர்ந்த சிவில் பதவியில் இருந்தார். அந்தக் காட்ஸ் எழுதிய எளிய அறப்பாடல்கள் டச்சு வீடுகளில் பைபிளுக்குப் பக்கத்தில் இருந்தன. ஆக, அரசியல்வாதி கவிதை எழுதியது அங்கே அதிசயமில்லை. படித்த மனிதனுக்கு லத்தீனும் லூட்டும் போல அதுவும் ஒரு தகுதி. ஆனால் காட்ஸ் எல்லாருக்கும் புரியும்படி எழுதினார், ஹைகன்ஸ் எழுதியது எல்லாருக்கும் புரியவில்லை. ஒரு வரிக்குள் மூன்று அர்த்தத்தை அடைத்துவிடுவார், படிப்பவர் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த இறுக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது? ஒரு காரணம் வளர்ப்பு. அப்பா விடுதலைப் போரின் தலைவரான ஆரஞ்சு வில்லியமிடம் செயலாளராக இருந்தவர். 1596 செப்டம்பர் 4ல் பிறந்த இந்த மகனையும் அதே வேலைக்குத் திட்டம் போட்டு வளர்த்தார். இசை, பிரெஞ்சு, லத்தீன், ஓவியம், குதிரைச் சவாரி எல்லாம் வீட்டிலேயே. 11 வயதில் பையன் லத்தீனில் கவிதை கட்டினான். பிற்பாடு ஏழெட்டு மொழிகளில் எழுதினார், சில சமயம் ஒரே கவிதைக்குள் மொழி தாவினார்.

இன்னொரு காரணம் இங்கிலாந்து. 1618ல் முதல் முறை போனபோது முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன்னால் லூட் வாசித்தார். அடுத்தடுத்த தூதுப் பயணங்களில் அங்கே நீண்ட காலம் தங்கினார். 1622ல் மன்னர் அவருக்கு நைட் பட்டம் கொடுத்தார். லண்டனில் ஜான் டன் என்ற பாதிரியாரின் பிரசங்கமும் கவிதையும் அவரைப் பிடித்துக்கொண்டன. 1630லும் 1633லுமாக டன்னின் 19 கவிதைகளை டச்சில் பெயர்த்தார். டன்னின் கவிதைகள் ஆங்கிலத்திலேயே புத்தகமாக வந்தது 1633ல்தான். அதற்கு முன்பே, கையெழுத்துப் பிரதிகளை வைத்துக்கொண்டு, கடல் தாண்டி ஒரு செயலாளர் அவற்றை மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஓவியக் கண்ணும் அவருக்கு இருந்தது. 1630 வாக்கில் லத்தீனில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், லைடன் ஊரில் இருக்கும் இரண்டு இளம் ஓவியர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பாராட்டுகிறார். ஒருவர் யான் லீவன்ஸ். மற்றவர் மாவு மில்காரர் மகன், ரெம்பிராண்ட். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுக்க வரும் யூதாஸின் ஓவியத்தில், அந்த ஒரு மனிதனின் முகத்திலும் முறுக்கிய உடம்பிலும் இருக்கும் துயரத்தைப் பற்றி உருகி எழுதியிருக்கிறார். அப்போது ரெம்பிராண்டுக்கு வயது 25கூட ஆகவில்லை. பிறகு ஏசுவின் பாடுகளைப் பற்றிய ஓவிய வரிசையை ரெம்பிராண்ட் இளவரசருக்கு வரைந்து கொடுத்ததில் இடையில் இருந்தவர் இவர்தான். ரெம்பிராண்ட் கைப்பட எழுதி இன்று மிஞ்சியிருக்கும் கடிதங்கள் மொத்தம் ஏழு. ஏழுமே ஹைகன்ஸுக்கு எழுதியவை.

சரி, அந்த 1627க்குத் திரும்பி வருவோம். டி கெய்சர் அவரை வரைந்த அதே வருஷம்தான் கல்யாணமும் நடந்தது. மணமகள் சுசன்னா வான் பார்லே, ஆம்ஸ்டர்டாம்காரர், வசதியான குடும்பம், படித்தவர். மனைவியை இழந்திருந்த கவிஞர் ஹோஃப்ட்கூட இவரைக் கேட்டுப் பார்த்தவர், கிடைக்கவில்லை. ஹைகன்ஸ் சுசன்னாவுக்கு வைத்த பெயர் "ஸ்டெர்ரே", அதாவது விண்மீன். யாகோப் வான் காம்பன் வரைந்த ஓர் இணை ஓவியத்தில் இரண்டு பேரும் ஒரே இசைத்தாளைச் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள்.

கல்யாணம் ஆன கையோடு சுசன்னாவுக்காக ஒரு நீண்ட கவிதை தொடங்கினார். தலைப்பு "நாள்வேலை". என்னுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது, காலையில் எழுந்ததிலிருந்து நான் என்ன செய்கிறேன், வெளியில் நடப்பதில் எதை வீட்டுக்குள் கொண்டு வருவேன், எதை வாசலோடு விட்டுவிடுவேன் என்று மனைவியிடம் உட்கார்ந்து பேசுகிற பாவனையில் போகிறது. அரண்மனை வேலை, அதில் வரும் ஆசை, நேர்மை, ஓய்வு, தொலைநோக்கியும் நுண்ணோக்கியும் காட்டும் புது உலகம் எல்லாம் அதில் வருகின்றன. வரலாற்றில் எத்தனையோ பெரிய உத்தியோகஸ்தர்கள் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். மனைவிக்குப் பதில் சொல்கிற கடமையோடு தன் வேலை நாளைக் கவிதையாக்கியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். படைக்குப் போய் வந்து, இடைவெளி விட்டு, பத்து வருஷம் எழுதினார். ஏறத்தாழ 2,000 வரிகள் சேர்ந்தன.

அதே வருஷங்களில் ஹேக் நகரத்தின் நடுவே, பிளெய்ன் சதுக்கத்தில், ஒரு பெரிய வீடும் எழும்பிக்கொண்டிருந்தது. வான் காம்பனோடு சேர்ந்து ஹைகன்ஸே அதற்கு வடிவம் போட்டார். நான்கு பையன்கள் ஆயிற்று. 1637 மார்ச்சில் ஐந்தாவதாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்குப் பிறகு சுசன்னா எழுந்திருக்கவில்லை. மே 10 அன்று இறந்துபோனார். மூத்தவனுக்கு 9 வயது, கைக்குழந்தைக்கு இரண்டு மாதம். புது வீட்டுக்கு அப்பாவும் ஐந்து குழந்தைகளும்தான் குடி போனார்கள். அந்தக் கோடையில் பிரெடா முற்றுகை. செயலாளர் வழக்கப்படி படையோடு போனார்.

"நாள்வேலை" அங்கே நின்றது. முடித்து வைக்க அவர் முயலவில்லை. சாவைச் சொல்லி, இனி என்னால் முடியாது என்ற நிலையில் பேச்சை விட்டுவிடுகிறார். ஒரு நாளின் கதை சாயங்காலம் வராமலே முடிகிறது.

எட்டு மாதம் கழித்து, 1638 ஜனவரியில், 14 வரியில் ஒரு கவிதை எழுதினார். டச்சுக்காரர்கள் இன்றும் படிக்கிற கவிதை அது. ஏறக்குறைய இப்படித் தொடங்குகிறது: நான் கனவு காண்கிறேனா, இது இரவா, இல்லை என் விண்மீன்தான் மறைந்துவிட்டதா? விழித்துத்தான் இருக்கிறேன், நட்டநடுப் பகல், என் விண்மீனைக் காணோம்.

இதில் உள்ள நுட்பத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரவில்தான் விண்மீன் தெரியும். காணவில்லை என்றால் பகலாக இருக்க வேண்டும். பகல்தான், ஆனால் அந்தப் பகலில் வெளிச்சம் இல்லை. பெயரை வைத்து இத்தனை வருஷம் விளையாடிய விளையாட்டு இப்போது அவரையே வந்து அறைகிறது. டச்சில் ஸ்டெர்ரே என்ற சொல்லும் சாவதைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் நெருங்கியவை. அது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. வானத்தைப் பார்த்து, மனுஷ பாஷையில் சொல்லு, என் விண்மீன் எங்கே என்று கேட்கிறார். கடைசி வரியில் வினையே இல்லை. என் மீட்பு, என் அன்பு, என் உடல், என் கடவுள், என் விண்மீன், நான் என்று வெறும் பெயர்களாக வரிசை போட்டு நிறுத்துகிறார். சிலேடைக் கவிஞன் அழுதால் சிலேடையில்தான் அழுவான் என்பதை இந்தக் கவிதையைப் படித்துத்தான் நம்பினேன்.

அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. உறவுக்காரப் பெண் ஒருவர் வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். படிப்பை அப்பாவே முன்னின்று கவனித்தார். பிரெஞ்சுத் தத்துவஞானி டெக்கார்ட் நண்பர், வீட்டுக்கு வந்து போகிறவர். கணக்கில் புலியாக இருந்த இரண்டாவது பையனை "என் ஆர்க்கிமிடீஸ்" என்று பெருமையாகச் சொல்வார். அந்தப் பையன்தான் 1655ல் சனிக் கோளின் டைட்டன் துணைக்கோளைக் கண்டுபிடித்தான், அடுத்த வருஷம் ஊசல் கடிகாரத்துக்கு வடிவம் கொடுத்தான்.

ஹேக் நகரத்துக்கு வெளியே, வோர்பர்க் ஊரில் ஃப்லீட் கால்வாய் ஓரமாக ஒரு தோட்ட வீடு கட்டிக்கொண்டார். 1642ல் முடிந்தது. ஹோஃப்வைக் என்று பெயர். இதிலும் சிலேடை: ஹோஃப் என்றால் அரண்மனை, தோட்டம் இரண்டும்தான். வைக் என்பதில் ஒதுங்கிப் போவது என்ற பொருள் இருக்கிறது. அரண்மனையிலிருந்து ஒதுங்கிய இடம். தோட்டத்தை மனித உடம்பின் அளவில் திட்டமிட்டார். குளத்துக்கு நடுவே நிற்கும் சின்ன வீடு தலை, அதற்குக் கீழே தோப்பும் நடைபாதையுமாக மற்ற அங்கங்கள். இந்தத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி 2,800 வரிக்கு மேல் ஒரு கவிதை எழுதி 1653ல் வெளியிட்டார். மரங்கள் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தன. ஆனால் கவிதை நூறு வருஷம் கழித்து மரங்கள் ஓங்கி நிற்கும் காட்சியைச் சொல்லிக்கொண்டு போகிறது. நல்ல கவிதைதான். இருந்தாலும் நேரம் கிடைத்தவர் எழுதியது என்பது தெரிகிறது. "நாள்வேலை"யின் நெருக்கம் அதில் இல்லை என்பது என் எண்ணம்.

நேரம் எப்படிக் கிடைத்தது? 1647ல் ஃபிரடெரிக் ஹென்ட்ரிக் இறந்தார். அடுத்து வந்த மகன் இரண்டாம் வில்லியம் 1650 நவம்பரில் 24 வயதில் அம்மை கண்டு போய்விட்டார். அவருடைய மகன் பிறந்தது அதற்கு எட்டு நாள் கழித்து. மாகாண சபைகள் இதுதான் சமயம் என்று, முக்கியமான மாகாணங்களில் ஸ்டாட்ஹவுடர் பதவியைக் காலியாகவே விட்டுவிட்டன. 22 வருஷம் அப்படியே இருந்தது. ஹைகன்ஸ் ஆரஞ்சுக் குடும்பத்தின் சொத்துகளைக் கவனிக்கும் குழுவில் தொடர்ந்தார், ஆனால் நாட்டின் மையத்திலிருந்து விலகிவிட்டார். 65 வயதில் அவரைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமான ஆரஞ்சு என்ற சிற்றரசைப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி பிடித்து வைத்திருந்தார். அதை மீட்க 1661 முதல் 1665 வரை பாரிஸில் காத்துக் கிடந்து, கடைசியில் மீட்டுக்கொண்டுதான் வந்தார்.

அவர் திரும்பி வந்தபோது ஹேக் நகரத்தில் அவருடைய பழைய யோசனை ஒன்று நிஜமாகிக்கொண்டிருந்தது. ஹேக்கிலிருந்து ஸ்கேவனிங்கன் மீனவக் கிராமத்துக்கு மணல்மேடுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டிச் சக்கரம் புதையும், மீன் கூடை சுமக்கிறவர்களின் கால் புதையும். 1653லேயே ஹைகன்ஸ் திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார்: மேடுகளை வெட்டி, நேர்கோடாக, செங்கல் பாவி, இரண்டு பக்கமும் மரம் வைத்து ஒரு சாலை. பத்து வருஷம் யாரும் அசையவில்லை. 1663ல் வேலை தொடங்கி 1665ல் முடிந்தது. செலவை எடுக்கச் சுங்கம் வைத்தார்கள். 1667ல் அந்தச் சாலையைப் பற்றியே "கடல் தெரு" என்று சுமார் 1,000 வரிக் கவிதை போட்டார். ஒரு பொதுப்பணித் திட்டத்தைப் பற்றி, அதைத் தீட்டியவரே காவியம் எழுதுவது எத்தனை ஊரில் நடந்திருக்கும்! அந்தச் சாலை இன்றும் போக்குவரத்தில் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் அமைதி மாளிகை, சர்வதேச நீதிமன்றம் இருக்கும் இடம். ஓரத்தில் காட்ஸ் ஓய்வு பெற்றுக் குடியிருந்த தோட்ட வீடு. அது இப்போது நெதர்லாந்துப் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லம். ஹோஃப்வைக் வீடும் இருக்கிறது, அருங்காட்சியகமாக. தோட்டத்தின் ஒரு பகுதியை ரயில் பாதை எடுத்துக்கொண்டது. வோர்பர்க் ரயில் நிலையத்தில் இறங்கினால் வீடு பக்கத்திலேயே.

பிளெய்ன் சதுக்கத்து வீட்டை மட்டும் 1876ல் இடித்துவிட்டார்கள்.

டச்சுக் கவிதைகளையெல்லாம் திரட்டி 1658ல் அவர் போட்ட பெருந்தொகுப்பின் பெயர் "கோரன்புளூமன்". தானியப் பயிருக்கு நடுவே தானாக முளைக்கும் நீலப் பூ அது. விதைத்தது பயிரை, பூ தானாக வந்தது. விவசாயிக்கு அது களை. நம் பழைய பாட்டுகளில் நெல்வயலில் களை பறிக்கிற பெண்கள் நெய்தலையும் குவளையையும் சேர்த்துப் பிடுங்கிப் போடுவார்களே, அந்த மாதிரி. 62 வயதில், நாட்டுக்கு விதைத்த பயிருக்கு இடையில் முளைத்தவை என்று தன் கவிதைகளுக்கு இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் பிடுங்கிப் போடவில்லை. ஆசுகவிகளையும் ஹோஃப்வைக்கையும் விண்மீன் கவிதையையும் கொண்ட அந்தத் தொகுப்பில், 21 வருஷம் பெட்டியில் கிடந்த "நாள்வேலை"யும் அச்சேறியது. கடினமான இடங்களுக்கு அவரே உரைநடையில் விளக்கம் சேர்த்தார்.

1672ல் பிரெஞ்சுப் படை உள்ளே புகுந்தபோது குடியரசு மறுபடியும் ஆரஞ்சு வம்சத்தை அழைத்தது. அப்பா இறந்து எட்டு நாளில் பிறந்த பிள்ளை, மூன்றாம் வில்லியம், ஸ்டாட்ஹவுடர் ஆனார். அவருக்குச் செயலாளர் ஹைகன்ஸின் மூத்த மகன். கடிதம் எழுதும் வேலை மூன்றாவது தலைமுறைக்குப் போயிற்று. கிழவர் 1687 மார்ச் 28 அன்று இறக்கும் வரை எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஹேக் பெரிய தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்த 1672லேயே தொகுப்பின் இரண்டாம் பதிப்பும் வந்தது. புதிய கவிதைகள் நிறையச் சேர்த்து, பெரிதாக்கியிருந்தார். சுசன்னா இறந்து 35 வருஷம் ஆகியிருந்தது. "நாள்வேலை" முதல் பதிப்பில் நின்ற அதே இடத்தில் நிற்கிறது.